விடய ஆய்வு: நரிற்றா சர்வதேச விமான நிலையம் – அமைவிடத் தெரிவும் காணிப் பிரச்சினையும்

க.பொ.த. சாதாரண தரம் – புவியியல்
பாடப் பரப்பு: போக்குவரத்து

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,

• விமான நிலையம் ஒன்றின் அமைவிடத்தைத் தீர்மானிக்கும் பௌதிக, மானிடக் காரணிகளைக் கூறுவீர்கள்.
• நரிற்றா விமான நிலையம் தொடர்பான பிணக்கின் காரணங்களையும் விளைவுகளையும் விளக்குவீர்கள்.
• நரிற்றா, கன்சாய் ஆகிய இரு விமான நிலையங்களையும் ஒப்பிடுவீர்கள்.

1. அறிமுகம்

யப்பானின் தலைநகரான டோக்கியோவும் அதனைச் சூழவுள்ள நகரங்களும் சேர்ந்து உலகின் மிகப் பெரிய நகரத் தொகுதிகளுள் ஒன்றாக விளங்குகின்றன. இங்கு 30 மில்லியனுக்கும் அதிகமான மக்கள் வாழ்கின்றனர். இந்நகரத் தொகுதிக்கு இரண்டு பெரிய விமான நிலையங்கள் சேவை செய்கின்றன. ஒன்று ஹனேடா, மற்றையது நரிற்றா. கட்டுநாயக்காவிலிருந்து யப்பானுக்குச் செல்லும் ஸ்ரீலங்கன் விமானங்கள் இறங்குவது நரிற்றாவிலேயாகும்.

விமான நிலையத்தின் அமைவிடக் காரணிகளைக் கேட்டால் மாணவர் பலர் "சமதரை, நல்ல காலநிலை, நகரத்துக்கு அண்மை" என்று மூன்றையும் எழுதிவிட்டு நின்றுவிடுகின்றனர். நரிற்றாவின் வரலாறு நான்காவது காரணி ஒன்றைக் காட்டுகின்றது. அந்நிலத்தில் ஏற்கெனவே வாழும் மக்களின் சம்மதமே அது. அது கிடைக்காதபோது என்ன நடக்கும் என்பதே இந்த விடய ஆய்வின் மையக் கருத்தாகும்.

2. அமைவிடம்

நரிற்றா விமான நிலையம் ஹொன்சூ தீவில், சிபா மாகாணத்தில், டோக்கியோ நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. கிழக்கே அமைந்துள்ளது. ஏறத்தாழ 36° வட அகலக்கோட்டிலும் 140° கிழக்கு நெடுங்கோட்டிலும் இதனைத் தேசப்படத்தில் குறிக்கலாம்.

யப்பானின் மிகப் பெரிய சமவெளி கன்டோ சமவெளியாகும். அதன் கிழக்குப் பகுதியில் ஷிமோசா என்னும் தாழ்ந்த மேட்டுநிலம் உண்டு. விமான நிலையம் இதன் மேலேயே உள்ளது. கடல்மட்டத்திலிருந்து இதன் உயரம் ஏறத்தாழ 40 மீற்றர் மட்டுமே. எரிமலைச் சாம்பலாலான மண் இங்கு படிந்துள்ளது. நீர் இலகுவில் வடிந்து செல்லும் இம்மண்ணில் நிலக்கடலை, வற்றாளை, கரட், தர்ப்பூசணி முதலிய மேட்டுநிலப் பயிர்கள் செய்கை பண்ணப்படுகின்றன. மேட்டுநிலத்தை ஊடறுக்கும் சிறிய பள்ளத்தாக்குகளில் நெல் விளைகின்றது.

நினைவிற் கொள்க: தேசப்படத்தில் தட்டையாகத் தெரியும் நிலம் வெறுமையான நிலம் அன்று.

3. புதிய விமான நிலையம் ஏன் தேவைப்பட்டது?

ஹனேடா விமான நிலையம் 1931 இல் திறக்கப்பட்டது. இது டோக்கியோ விரிகுடாவின் ஓரத்தில், நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தூரத்தில் உள்ளது. 1960களில் பின்வரும் காரணங்களால் இது போதாமற்போனது.

(அ) யப்பானின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தமை.
(ஆ) 1964 இல் யப்பானியர் சுற்றுலாவுக்காக வெளிநாடு செல்வதற்கு இருந்த கட்டுப்பாடு நீக்கப்பட்டமை.
(இ) பெரிய ஜெற் விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதைகள் தேவைப்பட்டமை.
(ஈ) விரிகுடாவின் கப்பற் போக்குவரத்தும் அக்காலத் தொழினுட்பமும் ஹனேடாவைக் கடலை நோக்கி விரிவாக்க இடமளிக்காமை.

4. அமைவிடத் தெரிவு

1963 இல் போக்குவரத்து அமைச்சு இடங்களை ஆராயத் தொடங்கியது. 1965 இல் சிபா மாகாணத்தின் டொமிசாட்டோ பகுதி தெரிவானது. அங்கு விவசாயிகள் கடுமையாக எதிர்த்ததால் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1966 ஜூலை 4 ஆம் திகதி அமைச்சரவை அயலிலுள்ள சன்ரிசுக்காவைத் தெரிவு செய்தது. திட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1060 ஹெக்டெயராகக் குறைக்கப்பட்டது. 4000, 3200, 2500 மீற்றர் நீளமான மூன்று ஓடுபாதைகள் திட்டமிடப்பட்டன.

அரசாங்கம் சன்ரிசுக்காவை விரும்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. அங்கு அரச குடும்பத்துக்குரிய பெரிய மேய்ச்சற் பண்ணையும் மாகாண அரசின் காணியும் இருந்தன. அவற்றைப் பெறுவது எளிது. ஆகவே தனியாரிடமிருந்து பெற வேண்டிய காணி குறையும் என அரசாங்கம் எண்ணியது. எனினும் தேவைப்பட்ட காணியில் பெரும்பகுதி தனியார் காணியாகவே இருந்தது.

5. விவசாயிகள் எதிர்த்ததற்கான காரணங்கள்

(அ) கலந்தாலோசிக்கப்படாமை
தீர்மானம் எடுக்கப்படுவதற்கு முன்னர் அப்பகுதி விவசாயிகளிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. தம் வீடும் தோட்டமும் ஓடுபாதையாகப் போகின்றன என்பதை அவர்கள் செய்தியாகவே அறிந்தனர். பிணக்கின் வேர் இதுவேயாகும்.

(ஆ) குடியேற்றவாசிகளின் உழைப்பு
இங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழைய கிராமங்களும் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவான குடியேற்றங்களும் இருந்தன. மஞ்சூரியாவிலிருந்து திரும்பியோரும் ஒக்கினாவாவைச் சேர்ந்தோரும் குடியேற்றவாசிகளுள் அடங்குவர். போரில் எல்லாவற்றையும் இழந்து வந்த இவர்கள் காட்டையும் மூங்கிற் புதரையும் வெட்டி, வேர் கிளறி, நிலத்தைப் பண்படுத்தினர். விளைச்சல் சீராகி வாழ்க்கை நிமிரும் வேளையிலேயே திட்டம் வந்தது.

(இ) நட்டஈடு ஈடாகாமை
அரசாங்கம் நட்டஈடும் மாற்றுக் காணியும் தர முன்வந்தது. 1968 இல் ஒரு பகுதியினர் நிபந்தனைகளுடன் உடன்பட்டனர். காலப்போக்கில் பெரும்பாலானோர் காணிகளைக் கொடுத்து வெளியேறினர். ஆயினும் பணத்தால் காணியின் விலையை மட்டுமே ஈடு செய்யலாம். அயலவரையும் முன்னோர் கல்லறைகளையும் ஆண்டுக் கணக்கில் பண்படுத்திய மண்ணையும் ஈடு செய்ய முடியாது என ஏனையோர் கருதினர்.

(ஈ) இரைச்சல் பற்றிய அச்சம்
காணி இழக்காத அயற் கிராமத்தவரும், குறிப்பாக ஷிபயாமாப் பகுதியினரும், விமான இரைச்சலை நினைத்து எதிர்ப்பில் இணைந்தனர்.

6. பிணக்கின் வளர்ச்சி

1966 இல் சன்ரிசுக்கா–ஷிபயாமா எதிர்ப்புச் சங்கம் உருவானது. விவசாயக் கருவிகள் விற்பவரும் சிற்பியுமான டொமுரா இசாக்கு அதன் தலைவரானார். இடதுசாரி மாணவர் அமைப்புகளும் பின்னர் விவசாயிகளுடன் சேர்ந்தன.

எதிர்ப்பாளர் கையாண்ட முறைகளுள் இரண்டு புவியியல் மாணவர் கவனிக்க வேண்டியவை. முதலாவது, காணியை ஏறத்தாழ 3.3 சதுர மீற்றர் கொண்ட சிறு துண்டுகளாகப் பலரது பெயரில் பிரித்துப் பதிந்தமை. ஒருவரிடம் வாங்க வேண்டிய காணியைப் பல நூறு பேரிடம் வாங்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, 1972 இல் ஓடுபாதையின் தெற்கு முனைக்கு அப்பால் 60 மீற்றருக்கு மேல் உயரமான இரும்புக் கோபுரம் ஒன்றை நிறுத்தியமை. அது நின்றவரையில் விமானங்கள் அவ்வழியாகப் பாதுகாப்பாகத் தாழ்ந்து பறக்க முடியவில்லை.

முக்கிய நிகழ்வுகள் – கால வரிசை

1966 – சன்ரிசுக்கா தெரிவு. எதிர்ப்புச் சங்கம் தோற்றம்.
1971 – சட்டப்படி கட்டாயக் காணி சுவீகரிப்பு. செப்டெம்பர் 16 இல் நடந்த மோதலில் 3 பொலிஸார் உயிரிழந்தனர். நான்கு நாட்களின் பின் ஒகி யோனே என்ற மூதாட்டியின் வீடு வலுக்கட்டாயமாக அகற்றப்பட்டது.
1977 – இரும்புக் கோபுரம் அகற்றப்பட்டது. தொடர்ந்த மோதலில் எதிர்ப்பாளர் ஒருவர் உயிரிழந்தார்.
1978 மார்ச் 26 – திறப்பு விழாவுக்குச் சில நாட்கள் முன்னர் தீவிரவாதக் குழுவினர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தினுள் புகுந்து கருவிகளை உடைத்தனர். திறப்பு பிற்போடப்பட்டது.
1978 மே 20 – ஒரேயொரு ஓடுபாதையுடன் விமான நிலையம் திறக்கப்பட்டது.
1991–1994 – அரசாங்கமும் விவசாயிகளும் பகிரங்கப் பேச்சு நடத்தினர்.
2002 – இரண்டாவது ஓடுபாதை திறக்கப்பட்டது.
2004 – நிருவாகம் நரிற்றா சர்வதேச விமான நிலையக் கம்பனியிடம் சென்றது. "புதிய டோக்கியோ சர்வதேச விமான நிலையம்" என்ற பழைய பெயரும் மாறியது.

உயிரிழப்பு இரு தரப்பிலும் ஏற்பட்டது. வன்முறை இரு தரப்பிலும் நிகழ்ந்தது. விடை எழுதும்போது ஒரு தரப்பை மட்டும் குற்றஞ்சாட்டாது காரணத்தையும் விளைவையும் தொடர்புபடுத்தி எழுதுக.

7. விமான நிலையத்தின் செயற்பாட்டில் ஏற்பட்ட விளைவுகள்

(அ) ஓடுபாதைப் பற்றாக்குறை: மூன்று ஓடுபாதைகளுக்குத் திட்டமிட்ட விமான நிலையம் 24 ஆண்டுகள் 4000 மீற்றர் ஓடுபாதை ஒன்றுடனேயே இயங்கியது. 2002 இல் திறக்கப்பட்ட இரண்டாவது ஓடுபாதை, தெற்கே இருந்த காணிகள் கிடைக்காமையால் வடக்கே தள்ளி 2180 மீற்றர் நீளத்துக்கே அமைக்கப்பட்டது. பெரிய நீண்டதூர விமானங்களுக்கு இந்நீளம் போதவில்லை. 2009 இலேயே இது 2500 மீற்றராக நீண்டது. 3200 மீற்றர் ஓடுபாதை திட்டமிட்டபடி அமைக்கப்படவில்லை.

(ஆ) புகையிரதத் தொடர்பு தாமதமானமை: டோக்கியோவிலிருந்து நரிற்றாவுக்கு ஷின்கன்சென் அதிவேகப் பாதை அமைக்கும் வேலை 1974 இல் தொடங்கியது. பாதையோர மக்களின் எதிர்ப்பாலும் வேறு காரணங்களாலும் அது பின்னர் கைவிடப்பட்டது. 1978 முதல் 1991 வரை புகையிரதத்தில் வந்த பயணிகள் பயணிகள் முனையத்துக்கு வெளியே இறங்கி பஸ்ஸில் செல்ல வேண்டியிருந்தது. ஷின்கன்சென்னுக்காகக் கட்டி வெறுமனே கிடந்த நிலத்தடி நிலையம் 1991 இல் சாதாரண புகையிரதங்களுக்குத் திறக்கப்பட்டது. 2010 இல் புதிய பாதை திறக்கப்பட்ட பின்னர் வேகமான புகையிரதம் டோக்கியோவின் நிப்போரி நிலையத்திலிருந்து 36 நிமிடங்களில் நரிற்றாவின் இரண்டாம் முனையத்தை அடைகின்றது.

(இ) எரிபொருள் விநியோகம்: குழாய்ப்பாதை உரிய காலத்தில் முடியாமையால் 1983 வரை விமான எரிபொருள் புகையிரதத்திலேயே கொண்டுவரப்பட்டது.

(ஈ) பாதுகாப்புச் செலவு: பயணம் செய்யாது வழியனுப்ப வருவோரும் வாயிலில் அடையாளச் சான்றைக் காட்ட வேண்டியிருந்தது. இந்நடைமுறை 2015 இலேயே நீக்கப்பட்டது.

(உ) இரவுநேரத் தடை: இரைச்சலைக் குறைப்பதற்காக இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை விமானங்கள் வந்துபோவது தடுக்கப்பட்டது. 2019 ஒக்டோபர் முதல் 4000 மீற்றர் ஓடுபாதையில் மட்டும் நள்ளிரவு 12 மணி வரை அனுமதிக்கப்படுகின்றது.

இவ்வாறான தடைகளுக்கிடையிலும் நரிற்றா வளர்ந்தது. 2019 இல் ஏறத்தாழ 44 மில்லியன் பயணிகள் இதனைப் பயன்படுத்தினர். பெறுமதியின்படி பார்த்தால் யப்பானின் துறைமுகங்களுடன் போட்டியிட்டுப் பல ஆண்டுகள் முதலிடம் பெற்ற வர்த்தக வாயிலும் இதுவே. குறைக்கடத்தி உற்பத்திக் கருவிகள் போன்ற பாரம் குறைந்த, விலை கூடிய பொருட்கள் வான்வழியே செல்வதே இதற்குக் காரணம். வெளிநாடுகளிலிருந்து வான்வழியே சூரை மீன் வந்து குவிந்ததால் இதனை வேடிக்கையாக "நரிற்றா மீன்பிடித் துறைமுகம்" என அழைப்பதும் உண்டு. நரிற்றா நகரம் வரி வருமானத்தையும் பல்லாயிரம் தொழில்வாய்ப்புகளையும் பெற்றுள்ளது.

8. பேச்சுவார்த்தையும் மன்னிப்பும்

1991 நவம்பரில் கல்விமான்களின் நடுநிலை ஏற்பாட்டில் பகிரங்கக் கருத்தரங்குகள் தொடங்கின. அரசாங்க அதிகாரிகளும் விவசாயிகளும் பொதுமக்கள் முன்னிலையில் நேருக்கு நேர் பேசினர். எஞ்சிய காணிகளைக் கட்டாயமாகச் சுவீகரிப்பதில்லை என அரசாங்கம் உடன்பட்டது. 1995 இல் பிரதமர் முறயாமா டொமீச்சி அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோரினார். இதன் பின்னர் காணி உரிமையாளர் சிலர் காணிகளை விற்க முன்வந்தனர்.

பலவந்தத்தால் பெற முடியாத காணியின் ஒரு பகுதி பேச்சின் மூலம் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் எல்லோரும் உடன்படவில்லை. சிலர் ஓடுபாதைகளுக்கிடையே தொடர்ந்து பயிர் செய்தனர். 2023 பெப்ரவரியில், நீதிமன்றத் தீர்ப்பின்படி, அத்தகைய காணி ஒன்றிலிருந்த கட்டடங்கள் பொலிஸ் பாதுகாப்புடன் அகற்றப்பட்டன. 1966 இல் எடுத்த ஒரு தீர்மானத்தின் விளைவு 50 ஆண்டுகளுக்குப் பின்னரும் முடிந்துவிடவில்லை.

2011 இல் ஷிபயாமாவில் இப்பிணக்கின் வரலாற்றைக் காட்டும் நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. "வானும் மண்ணும்" என்ற கருத்தில் அதற்குப் பெயரிட்டுள்ளனர்.

9. ஒப்பீடு: கன்சாய் விமான நிலையம்

ஒசாக்கா நகரின் பழைய விமான நிலையமான இட்டாமி குடியிருப்புகளின் நடுவே இருந்தது. இரைச்சல் தொடர்பாக மக்கள் வழக்கும் தொடுத்தனர். எனவே புதிய விமான நிலையம் ஒசாக்கா விரிகுடாவில், கரையிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தூரத்தில், செயற்கைத் தீவொன்றின் மீது அமைக்கப்பட்டு 1994 செப்டெம்பர் 4 இல் திறக்கப்பட்டது.

நரிற்றா
• உள்நாட்டு மேட்டுநிலம், விவசாயக் காணி.
• காணிப் பிணக்கு, இரைச்சற் பிரச்சினை.
• இரவுநேரத் தடை உண்டு.
• தரை உறுதியானது.

கன்சாய்
• கடலை நிரப்பிய செயற்கைத் தீவு.
• குடியிருப்புகளை அகற்ற வேண்டிய தேவை ஏற்படவில்லை. மீனவர்களுடன் உடன்பாடு தேவைப்பட்டது.
• 24 மணி நேரமும் இயங்கும்.
• கடலடி மென்களிமண் அமுங்குவதால் முதலாவது தீவு 13 மீற்றருக்கு மேல் தாழ்ந்துள்ளது. 2018 செப்டெம்பர் 4 இல் வீசிய சூறாவளியில் ஓடுபாதை நீரில் மூழ்கியது. எண்ணெய்க் கப்பலொன்று பாலத்தில் மோதியதால் பல ஆயிரம் பேர் தீவில் சிக்கினர்.

நரிற்றாவின் அனுபவத்துக்குப் பின் நாகோயாவின் சூபு (2005), கோபே (2006), கித்தாக்கியூஷூ (2006) ஆகிய விமான நிலையங்களும் செயற்கைத் தீவுகளிலேயே அமைக்கப்பட்டன. ஹனேடாவும் கடலை நோக்கி விரிவாக்கப்பட்டு, 2010 முதல் வழக்கமான சர்வதேச சேவைகளை மீண்டும் பரவலாக ஏற்கத் தொடங்கியது. மக்களோடு பிணங்குவதைத் தவிர்த்தால் இயற்கையோடு போராட வேண்டியுள்ளது. குறையே இல்லாத அமைவிடம் எதுவும் இல்லை என்பதே இவ்வொப்பீட்டின் முடிவாகும்.

10. இன்றைய நிலை

2018 மார்ச்சில் மத்திய அரசு, சிபா மாகாணம், சுற்றயல் நகர ஊராட்சிகள், விமான நிலையக் கம்பனி ஆகிய நான்கு தரப்பும் புதிய திட்டமொன்றுக்கு உடன்பட்டன. இதன்படி 3500 மீற்றர் நீளமான மூன்றாவது ஓடுபாதை அமைக்கப்படும். இரண்டாவது ஓடுபாதையும் 3500 மீற்றராக நீட்டப்படும். அப்போது ஆண்டுக்கு 300,000 ஆக இருந்த விமான வருகை, புறப்பாட்டின் கொள்ளளவு 500,000 ஆக உயரும். இதற்கு மேலும் ஏறத்தாழ 1000 ஹெக்டெயர் நிலம் தேவை. முன்னர் கேட்காமல் தீர்மானித்தவர்கள் இம்முறை முதலில் பேசி உடன்பாடு கண்ட பின்னரே தொடங்கினர். எனினும் காணியை விட்டுச் செல்ல வேண்டிய குடும்பங்களின் கேள்வி அன்று போலவே இன்றும் உள்ளது.

11. மாதிரி வினாவும் விடையும்

வினா: "விமான நிலைய அமைவிடத் தெரிவில் மானிடக் காரணிகள் பௌதிகக் காரணிகளுக்குக் குறைந்தவை அல்ல." நரிற்றாவை உதாரணமாகக் கொண்டு விளக்குக. (06 புள்ளிகள்)

விடை: நரிற்றா அமைந்துள்ள ஷிமோசா மேட்டுநிலம் பௌதிக ரீதியில் விமான நிலையத்துக்கு ஏற்றது. தரை சமமானது, உறுதியானது, நீர் வடியக்கூடியது. ஆனால் 1966 இல் விவசாயிகளைக் கலந்தாலோசிக்காது இடம் தெரிவு செய்யப்பட்டது. போருக்குப் பின் காடு வெட்டிக் குடியேறியவர்கள் உட்படப் பலர் எதிர்த்தனர். கட்டாயச் சுவீகரிப்பு 1971 இல் உயிரிழப்பில் முடிந்தது. திறப்பு 1978 வரை தாமதமாயிற்று. இரண்டாவது ஓடுபாதை 2002 இலேயே, அதுவும் குறைந்த நீளத்துடன் கிடைத்தது. 1991 இல் பேச்சு தொடங்கிய பின்னரே நிலைமை தணிந்தது. எனவே நிலம் பொருந்தியிருந்தும் மக்களின் சம்மதம் இன்மையால் விமான நிலையம் முழுமையாக இயங்க முடியவில்லை எனலாம்.

பரீட்சைக் குறிப்பு: "விவசாயிகள் எதிர்த்தனர்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஏன் எதிர்த்தனர், அதனால் விமான நிலையத்தில் என்ன குறைந்தது என்பதையும் ஓர் ஆண்டையாவது குறிப்பிட்டு எழுதுங்கள்.

12. கலைச்சொற்கள்

காணி சுவீகரிப்பு – பொதுத் தேவைக்காக அரசு சட்டப்படி தனியார் காணியைப் பெறுதல்.
நட்டஈடு – இழப்புக்கு ஈடாக வழங்கப்படும் பணம் அல்லது மாற்றுக் காணி.
நிலமீட்பு – கடல் அல்லது சதுப்பை நிரப்பி நிலம் உருவாக்குதல்.
அமிழ்வு – நிரப்பிய நிலம் பாரத்தால் படிப்படியாகத் தாழ்தல்.

13. பயிற்சி

சரியான விடையைத் தெரிவு செய்க.

(1) நரிற்றா விமான நிலையம் அமைந்துள்ள மாகாணம்
1. ஒசாக்கா 2. சிபா 3. ஐச்சி 4. ஹொக்கைடோ

(2) நரிற்றா விமான நிலையம் திறக்கப்பட்ட ஆண்டு
1. 1966 2. 1971 3. 1978 4. 1994

(3) கன்சாய் விமான நிலையம் எதிர்நோக்கும் பௌதிகப் பிரச்சினை
1. நில அமிழ்வு 2. எரிமலைச் சாம்பல் 3. பனிச்சரிவு 4. வரட்சி

சுருக்கமான விடை தருக.

(4) சன்ரிசுக்கா தெரிவு செய்யப்பட்டதற்கான காரணம் ஒன்றைத் தருக.
(5) காணியைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் பதிந்ததன் நோக்கம் யாது?
(6) நரிற்றாவில் இரவுநேரத் தடை விதிக்கப்பட்டதற்கான காரணத்தையும் அதனால் விமான நிலையத்துக்கு ஏற்படும் பாதகம் ஒன்றையும் எழுதுக.
(7) நீங்கள் ஒரு திட்டமிடல் அதிகாரி எனக் கொள்க. விவசாயக் கிராமம் ஒன்றில் பெரிய பொதுத் திட்டம் அமைக்கப்படவுள்ளது. அமைவிடத்தைத் தீர்மானிக்கும் முன்னர் நீங்கள் எடுக்கும் மூன்று நடவடிக்கைகளை, நரிற்றாவின் அனுபவத்தைக் கொண்டு காரணங்களுடன் விளக்குக.

விடைகள்: (1) 2 (2) 3 (3) 1

ஏழாவது வினாவுக்கு இக்கையேட்டில் விடை தரப்படவில்லை. மூன்று நடவடிக்கைகளையும் நீங்களே சிந்தித்து எழுதி, எழுதியதை ஒருமுறை காணிக்காரரின் இடத்தில் இருந்தும் வாசித்துப் பாருங்கள்.